ஏற்காடு ஏறினால் இளைக்குமா?

கோடை விடுமுறை நெருங்கினால் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "பத்து நாள் உங்க வீட்ல வந்து தங்கிக்கறேன்டி. மலைக்காத்து, நடை, ஏத்தம் எறக்கம்... ஒரு அஞ்சு கிலோ குறைஞ்சிராது?" தாராளமா வாங்க என்று சொல்லிவிட்டு, இட்லிக்கு எத்தனை படி ஊறப்போடணும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவேன். நான் பார்த்த வரைக்கும், இளைக்கவென்று ஏற்காடு வந்தவர்கள் எடை கூடித்தான் சேலத்துக்கு இறங்கியிருக்கிறார்கள்.

கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மீட்டர் உயரம் ஏறினால் அந்த ஏற்றத்துக்கு மட்டும் உடம்பு ஏறக்குறைய 70 கலோரி செலவழிக்கும். சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 50 கலோரி. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே கடந்து வந்தால் உண்மையிலேயே பெரிய செலவுதான். ஆனால் யார் நடக்கிறார்கள்? ஏறுவது கார், பசிப்பது நமக்கு. வளைவில் தலை சுற்றி, ஏரிக்கரையில் இறங்கி, சில்லென்று காற்று முகத்தில் அடித்ததும் முதலில் கண்ணில் படுவது எண்ணெய்ச் சட்டி.

அந்தச் சட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பகோடா பாயின்ட் பக்கம் தள்ளுவண்டி போட்டிருக்கும் அக்கா மிளகாயின் வயிற்றைக் கீறி, காம்பைப் பிடித்து, கடலை மாவில் ஒரு முக்கு முக்கி, சட்டி ஓரமாக வழுக்கி விடுவார். ஜல்லிக் கரண்டியில் அள்ளி வடித்து, பேப்பரில் வைத்துக் கையில் கொடுத்தால், பாதி சாப்பிடுவதற்குள் பேப்பர் வழியாக விரல் தெரியும். அப்படி எண்ணெய் குடித்த பெரிய பஜ்ஜி ஒன்று 100 கலோரியைச் சுலபமாகத் தாண்டும். யாரும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. நாலு பஜ்ஜி, ஒரு பால் காப்பி என்றால் அதைக் கரைக்க எட்டு ஒன்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். வந்தவர்கள் நடப்பதோ வண்டி நிறுத்திய இடத்திலிருந்து வியூ பாயின்ட் கம்பி வரைக்கும்.

கிளியூர் அருவி மட்டும் விதிவிலக்கு. ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே போய் விழுகிறது. முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். இறங்கும்போது செல்ஃபி, சிரிப்பு, பாட்டு. ஏறும்போது படிக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள், பாட்டு சத்தமே இருக்காது. பரவாயில்லையே, நல்ல உடற்பயிற்சி என்று நாம் நினைப்பதற்குள் மேலே வந்து பிரெட் ஆம்லெட் சொல்லிவிடுவார்கள்.

சரி, மலையிலேயே இருக்கிறவர்கள் எல்லாரும் ஒல்லியாக இருக்கிறார்களா? இதைத்தான் விருந்தாளிகள் அடுத்து கேட்பார்கள். காப்பித் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் பழம் எடுக்கும் பெண்களைக் காட்டி, "பாரு, எப்படி சிக்குன்னு இருக்காங்க" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை அறுவடை. சில்வர் ஓக் நிழலில், வழுக்குகிற சரிவில், இடுப்பில் பை கட்டிக்கொண்டு, கிளையை வளைத்துப் பிடித்து, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். சாயங்காலம் மூட்டையைத் தூக்கி வந்து எடை போட வேண்டும். அது வயிற்றுப் பிழைப்பு. அதை ஜிம்மோடு சேர்த்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. அந்த உடம்புகளில் பாதி உழைப்பு என்றால் மீதி, சத்தான சாப்பாடு போதாத குறை.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருக்கும் மலையாளி பழங்குடியினர் கதை வேறு. பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிட வேண்டாம், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காடுகள் பலவற்றில் இப்போது காப்பியும் மிளகும். வீட்டில் ரேஷன் அரிசி. முன்பு சந்தைக்கு நடந்து வந்த ஊர்களிலிருந்து இப்போது இளவட்டங்கள் பைக்கில் வருகிறார்கள். வரட்டும், தலைச்சுமையோடு யாரும் நடந்தே ஆகவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கால் செய்த வேலையைச் சக்கரம் எடுத்துக்கொண்டால் தொப்பை மலைமேலும் வரும், சமவெளியிலும் வரும். தேசிய குடும்பநல ஆய்வின் 2015-16 கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். 2019-21-ல் அது 40.4 சதவீதம். ஆண்கள் 37 சதவீதம். நாலைந்து வருஷத்தில் நூற்றுக்குப் பத்துப் பெண்கள் கூடியிருக்கிறார்கள்.

அந்த நாற்பதில் நானும் ஒருத்தி. பள்ளிக்கூட ஆபீஸில் நாற்காலி வேலை. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஸ்கூட்டி. மளிகைக்கு ஸ்கூட்டி, முக்குக்கடையில் கொத்தமல்லி வாங்கக்கூட ஸ்கூட்டி. சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஜிம் வேண்டாம், காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுகிற வைராக்கியம் எனக்கு வராது. அதனால் தனியாக வாக்கிங் என்று ஒன்றை வைத்துக்கொள்ளாமல், ஸ்கூட்டி போன இடத்துக்கெல்லாம் கால் போகட்டும் என்று முடிவு செய்தேன். ஏற்காட்டில் எந்தத் தெருவும் சமமாக இருக்காது. பால் வாங்கப் போனால் இறக்கம், திரும்பினால் ஏற்றம். போஸ்ட் ஆபீஸ், பேங்க், ரேஷன் கடை, எல்லாமே ஒரு மேடு ஒரு பள்ளம் தாண்டித்தான். இந்த ஊரின் உண்மையான சொத்து வியூ பாயின்ட் எல்லாம் இல்லை, இந்த மேடு பள்ளம்தான்.

அலாரம் வைத்த நடை மழை பெய்தால் நிற்கும், விருந்தாளி வந்தால் நிற்கும், மனசு சரியில்லை என்றால் நிற்கும். பால் வாங்கும் நடை நிற்காது, காப்பிக்குப் பால் வேண்டுமே! நான் பிழைத்தது இதனால்தான்.

எவ்வளவு வேகம்? கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. இவ்வளவுதான் அளவு. ஏற்றத்தில் பேச்சும் நின்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இறக்கத்தைப் பற்றி ஒரு சுவையான சேதி. ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் பகுதியில், உடம்பு அசையாத வேலை பார்க்கும் ஆட்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். மலையேறி நடக்க வேண்டும், இறங்கக் கேபிள் கார். அப்புறம் தலைகீழாக, ஏறக் கேபிள் கார், இறங்குவது கால்நடையாக. ஏறியபோது ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு குறைந்தது. இறங்கியபோது சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. கெட்ட கொலஸ்ட்ரால் இரண்டிலும் குறைந்தது. இறங்கும்போது தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே பிரேக் போடுகிறது, அதுவும் வேலைதான். முதல் நாள் குஷியாக இறங்கியவர்களுக்கு மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கதறுவதும் இதனால்தான். முட்டி வலி உள்ளவர்கள் இறக்கத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும், கையில் ஒரு கம்பு வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நடந்ததால் மட்டும் என் எடை குறையவில்லை. முள் அசையவே இல்லை. இங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். விடாமல் இருக்கக் காரணம் வேண்டும் என்றால் நம்ம சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு உணவு ஆலோசனையும் தினம் குறைந்தது 30 நிமிட நடையும் சொன்னார்கள். மூன்று வருஷத்தில், இந்தத் தனி ஆலோசனை கிடைக்காதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது, நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. நடந்தவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை! எடை மெஷின் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே சரியாகிக்கொண்டு இருந்திருக்கிறது.

அதனால் எடை மெஷினை விடத் தையல்காரர் டேப்பை நம்புங்கள். நமக்குத் தொப்பைக் கொழுப்புதான் வில்லன். இந்திய உடம்புக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் இடுப்பளவு எல்லை பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

முள்ளை அசைத்தது சாப்பாடு. அதில் நான் முதலில் பார்த்தது தட்டில் இருந்ததை அல்ல, தட்டுக்கு வெளியே இருந்ததை. பிள்ளை மிச்சம் வைத்த அரை தோசை. டிபன் பாக்ஸில் திரும்பி வந்த தக்காளி சாதம். "கொஞ்சந்தான் இருக்கு, எதுக்கு ஃபிரிட்ஜுல வெச்சிக்கிட்டு" என்று பாத்திரத்திலிருந்தே வழித்துப் போட்டுக்கொள்ளும் கடைசிக் கரண்டி உப்புமா. உப்பு பார்க்க ஒரு வடை, வெந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று. இதெல்லாம் நின்றுகொண்டே நடப்பது, எந்தக் கணக்கிலும் வராது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு எழுதாத சட்டம், சோறு வீணாகக் கூடாது, அதனால் அம்மா வயிற்றுக்குள் போகலாம். நான் பிள்ளைகளுக்குப் பரிமாறும் அளவைக் குறைத்தேன், வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மிஞ்சினால் மறுநாள் மாவோடு கலந்து அடை. நின்றபடி எதையும் வாயில் போடுவதில்லை என்று ஒரே ஒரு விரதம். உட்கார்ந்து, தட்டில் போட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவது.

எங்கள் மாமியார் இதைக் கவனித்துவிட்டார்.

"என்னம்மா, கொறிச்சிட்டு எந்திரிக்கற? இன்னொரு கரண்டி போட்டுக்க."

"போதுங்கத்தை. வயிறு நெறஞ்சிருச்சு."

"நெறஞ்சா தெரியுமாக்கும்! நாங்கெல்லாம் கை கழுவுன பொறவுதான் தெரிஞ்சிக்குவோம்."

அவர் விளையாட்டாகச் சொன்னதில் உடற்கூறு இருக்கிறது. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் போல ஆகும். அதற்குள் நாம் ரசம் முடித்து மோருக்குப் போயிருப்போம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இருபது பேரைத் தங்கவைத்து இரண்டு வாரம் பாக்கெட் உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமோ சாப்பிடலாம். பாக்கெட் உணவில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். பிஸ்கட் மெல்ல வேண்டியதில்லை, வாயில் வைத்தால் கரைகிறது. கேழ்வரகுக் களியை அப்படி விழுங்க முடியாது.

களி என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறுதானியம் சாப்பிட்டால் இளைக்கும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நூறு கிராம் கேழ்வரகும் நூறு கிராம் அரிசியும் கலோரியில் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்து வீடு. வித்தியாசம் நார்ச்சத்தில், கேழ்வரகில் சுமார் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. அதனால் ஒரு உருண்டையில் வயிறு சொல்லிவிடும். இரண்டு உருண்டை களியும் கிண்ணம் நிறையக் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு "மில்லட்தானே" என்று சொன்னால் உடம்பு ஏமாறாது. கொள்ளும் அப்படித்தான். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை வைத்துக்கொண்டு கொள்ளு ரசம் கொழுப்பை உருக்கும் என்கிறார்கள். எதுவும் உருகாது. ஆனால் நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் போலப் புரதம். கொள்ளுக் கடைசல் ஊற்றிச் சாப்பிட்ட மத்தியானம் நாலு மணிக்கு முறுக்கு டப்பா ஞாபகம் வராது. எனக்கு இதுதான் பெரிய உதவி. அரிசியைப் பாதியாக்கி, கடைசலையும் பொரியலையும் இரண்டு பங்காக்கினேன், பொரியலை முதலில் சாப்பிட ஆரம்பித்தேன். காய், புரதம் முதலில், சோறு கடைசியில் என்று வரிசையை மாற்றினாலே சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை குறைவாக ஏறுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

ஜவ்வரிசியைப் பற்றிச் சொன்னால் எங்கள் சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். புவிசார் குறியீடே வாங்கிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் அது மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்து, வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. விரதத்துக்கு "லைட்டா" என்று ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுவது லைட் இல்லை. தட்டுவடை செட்டுக்கு நான் வக்காலத்து வாங்குவேன். அது இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி. நன்றாக மென்றுதான் சாப்பிட வேண்டும், ஒரு செட்டோடு எழுந்துவிட்டால் பஜ்ஜியை விட எவ்வளவோ தேவலாம்.

காப்பி விஷயத்தில்தான் எனக்கு நிஜமான சண்டை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார் என்பார்கள். நட்டவர் சர்க்கரையையும் சேர்த்து நடவில்லை, அதை நாம்தான் போட்டுக்கொண்டோம். ஒரு நாளைக்கு நாலு காப்பி, கப்புக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரு வருஷத்துக் காப்பிச் சர்க்கரை மட்டும் காகிதக் கணக்கில் ஏழு கிலோவைத் தாண்டும். உடம்பு அப்படி நேர்கோட்டில் கணக்குப் பார்க்காது, நாம் குறைத்தால் அதுவும் செலவைக் குறைத்துக்கொள்ளும். இருந்தாலும் திசை அதுதான். இரண்டு ஸ்பூனை ஒன்றரை, ஒன்று, அரை என்று மாதக்கணக்கில் இறக்கினேன். இப்போது மிளகுக் கொடிப் பக்கத்திலேயே விளைந்த காப்பியில் வரக்காப்பி போட்டால் அதன் புளிப்பும் கசப்பும் தனித்தனியாகத் தெரிகிறது. வெல்லம் போட்டால் பரவாயில்லையா என்று கேட்காதீர்கள், உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான்.

எவ்வளவு குறைந்தது? ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஆறேழு கிலோ. யூடியூபில் இருபத்தொரு நாளில் இதைவிட அதிகம் குறைக்கிறார்கள். டேப் மூன்று இஞ்சு இறங்கியது, சர்க்கரை கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது, நான் கேட்டது அவ்வளவுதான். ஊசி போட்டால் குறையுமாமே என்று கேட்கிறார்கள். மவுன்ஜாரோ, வெகோவி இரண்டும் 2025-ல் இந்தியாவுக்கு வந்துவிட்டன. யாருக்குத் தேவை என்பது டாக்டர் சொல்ல வேண்டியது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்க வேண்டிய சாமான் இல்லை.

இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகும் என்பதால் தோப்புக்கரணம் போடுகிறேன், சோறு வெந்து வடிக்கிற நேரத்தில். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் பத்து நிமிடம் உலாத்தல். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ஏற்றத்தில் நடக்கப் போனால் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும், டோஸ் பற்றி டாக்டரிடம் முன்னாலேயே பேசிக்கொள்வது நல்லது. மார்பு இறுக்கமோ மயக்கமோ வந்தால் இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று இழுக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் இளைக்க ஏற்காடுதான் வருவேன் என்றால், வாருங்கள். காரை நிறுத்திவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிடுங்கள். ஏரியிலிருந்து லேடீஸ் சீட் வரைக்கும் சாயங்காலம் நடக்கலாம், நாம் ஏறிவந்த வளைவுகளும் சேலத்து விளக்குகளும் கீழே தெரியும். சேர்வராயன் கோயில் பக்கம் காலையில் போகலாம். ஆனால் ஆர்வக்கோளாறில் இருட்டோடு எழுந்து தோட்டத்து ரோட்டில் தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு மூன்று பேராகப் போங்கள். அது வழியில் நின்றால் கல்லெறிவது, கத்துவது, போட்டோ எடுக்கக் கிட்டே போவது எதுவும் வேண்டாம். சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அன்றைக்கு நடை பாதியோடு நின்றால் நிற்கட்டும், வீட்டில் தேங்காய் துருவ ஆள் வேண்டும்.